கம்ப்யூட்டர் கணிக்கவில்லை, ஆடிப் பார்த்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில், ஐபிஎல் கோப்பை யாருக்கு என்று "கம்ப்யூட்டர் கணித்த" கட்டுரையைப் படித்தோம். அதன் ஓரத்தில் கட்டம் கட்டி, 1961-லேயே அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டர் பேஸ்பால் ஆட்டத்தின் முடிவைக் கணித்தது என்று ஒரு துணுக்கும் போட்டிருந்தீர்கள். ஆண்டு சரி, நாடு சரி, ஆட்டமும் சரி. வினைச்சொல்தான் தப்பு. அந்த எந்திரம் எதையும் கணிக்கவில்லை. ஒரு அட்டவணையை வைத்துக்கொண்டு சீட்டுக் குலுக்கி, ஆட்டத்தை ஒருமுறை ஆடிக் காட்டியது. அவ்வளவுதான். இந்த வித்தியாசம் புரியாமல் போவதால்தான், ஒரே ஒரு தடவை ஓட்டிய நிரலின் விடையை ஜோசியம் மாதிரி தலைப்புச் செய்தியாக்குகிறோம். கடலூர், புதுச்சேரிக் கல்லூரிகளில் "மேட்ச் பிரெடிக்‌ஷன்" என்று இறுதியாண்டு புராஜெக்ட் செய்யும் மாணவர்களும் அதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் அந்த 1961 சங்கதி. ஒஹாயோ மாநிலம் ஆக்ரன் நகரில் ஐபிஎம் ஊழியராக இருந்த ஜான் பர்ஜெசன், ஐபிஎம் 1620 என்ற கம்ப்யூட்டருக்கு ஒரு பேஸ்பால் நிரல் எழுதினார். கொடுத்திருக்கும் வீரர் பட்டியலிலிருந்து நாம் ஒரு அணியைப் பொறுக்கிக் கொள்ளலாம். எதிரணியை எந்திரமே சேர்த்துக்கொள்ளும். பிறகு ஆட்டம் தொடங்கி, யார் அடித்தார், யார் எந்த பேஸுக்கு (மூலைக்கு) ஓடினார் என்று வரி வரியாகத் தட்டச்சில் அடித்துக்கொண்டே போகும். அதே ஆண்டில் பிட்ஸ்பர்க்கின் கேடிகேஏ வானொலியில் ரெஜ் கார்டிக் இதை வைத்து ஒரு நிகழ்ச்சியே நடத்தினார். ஆட்டமே நடக்காமல் வர்ணனை!

1620 எப்படிப்பட்ட எந்திரம் என்று தெரிந்தால் இந்த நிரலின் அருமை புரியும். அடிப்படை மாடலில் நினைவகம் 20,000 இலக்கம். கிலோபைட்டும் இல்லை, மெகாபைட்டும் இல்லை. 0 முதல் 9 வரையான பத்தடிமான இலக்கங்கள், எண்ணி 20,000. ஒரு எழுத்தை வைக்க 2 இலக்கம் வேண்டும். ஒரு கட்டளைக்கு 12 இலக்கம். 1,000 கட்டளை எழுதினால் 12,000 போய்விடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 வீரர் என்று வைத்துக்கொள்வோம். பத்தெழுத்துப் பெயருக்கு 20 இலக்கம், அவருடைய ஆட்டத்தைச் சொல்லும் ஐந்து மூவிலக்க எண்ணுக்கு 15. ஆக 35 இலக்கம். 50 பேருக்கு 1,750. இது பெரிய செலவே இல்லை. இடத்தைத் தின்பது வர்ணனைதான். 30 எழுத்தில் ஒரு வாக்கியம் என்றால் 60 இலக்கம். அதனால்தான் அந்தக் கால நிரல்கள் எல்லாம் தந்தி பாஷையில் பேசும்.

அந்த எந்திரத்துக்கு இன்னொரு வேடிக்கை உண்டு. அதற்குக் கூட்டத் தெரியாது. கூட்டுவதற்கான மின்சுற்றே முதல் மாடலில் கிடையாது. நினைவகத்தில் 100 முதல் 299 வரையான இடங்களில் பெருக்கல் வாய்பாடு, 300 முதல் 399 வரை கூட்டல் வாய்பாடு. 4-ஐயும் 7-ஐயும் கூட்ட வேண்டுமா? 347-ஆம் இடத்துக்குப் போய்ப் பார்க்கும். அங்கே 1 என்று இருக்கும், மேலே 'மீதி ஒன்றை அடுத்த இலக்கத்தில் சேர்' என்று சொல்லும் ஒரு அடையாளக் கொடி. எந்திரத்துக்கு ஐபிஎம் தனக்குள் வைத்திருந்த பெயர் காடெட் (CADET); அந்த ஆங்கில எழுத்துகளைப் பிரித்து "கூட்ட வராது, முயற்சியும் செய்யாது" என்று நிரலாளர்கள் கேலி செய்வார்கள். கேலி கிடக்கட்டும், இதில் ஒரு ஆபத்து இருந்தது. நிரலில் ஒரு தவறால் 300-களில் எதையாவது எழுதிவிட்டால், வாய்பாடு கெட்டு, அதன்பிறகு எந்தக் கூட்டலும் சரியாக வராது. எந்திரம் நிற்காது, பிழை என்றும் சொல்லாது. ஸ்கோர் மட்டும் தாறுமாறாக ஏறும். பழுது என்னவென்று தேடுகிறவர் ஆட்டத்தின் தர்க்கத்தையே குடைந்துகொண்டிருப்பார். வாய்பாட்டை மறுபடி ஏற்றினால் தீர்ந்துவிடும்.

தட்டச்சு நொடிக்கு 10 எழுத்து. ஒரு வரி 60 எழுத்து என்றால் 6 நொடி. இரண்டு அணிக்கும் சேர்த்து சுமார் 80 பேட்டர் வருவார்கள், 80 வரி, 8 நிமிடம். கணக்கை முடித்துவிட்டு எந்திரம் தட்டச்சுக்காகக் காத்திருக்கும்.

இனி ஆட்டம். பேஸ்பாலைக் கிரிக்கெட்டோடு ஒப்பிட்டால் போதும். வைர வடிவத்தில் நான்கு மூலை. புறப்பட்ட மூலைக்கே சுற்றி வந்தால் ஒரு ரன். மூன்று பேர் அவுட் ஆனால் எதிரணி ஆட வேண்டும். இப்படி அணிக்கு ஒன்பது முறை. ஒன்பது பேரும் வரிசை மாறாமல் ஆட வேண்டும். ஒரு பேட்டர் நின்றால் அதன் முடிவு ஆறு வகைக்குள் அடங்கும் என்று வைத்துக்கொள்ளலாம்: நான்கு தப்புப் பந்து வாங்கி ஓசியில் முதல் மூலைக்குப் போவது (அதற்கு வாக் என்று பெயர்), சிங்கிள், டபுள், ட்ரிபிள் (அடித்து ஒன்று, இரண்டு, மூன்று மூலை ஓடுவது), ஹோம் ரன் (அடித்தவர் உட்பட எல்லோரும் சுற்றி வந்துவிடுவது), அவுட். மூன்று மூலைகளில் ஆள் இருக்கலாம், இல்லாமல் இருக்கலாம். அது 8 விதம். அவுட் 0, 1, 2 என்று 3 விதம். எட்டும் மூன்றும் பெருக்கினால் 24. ஆட்டத்தின் எந்தக் கணத்தையும் இந்த 24 நிலைகளில் ஒன்றாகச் சொல்லிவிடலாம். சின்ன எந்திரத்தில் ஏன் முதலில் பேஸ்பால் ஏறியது, கிரிக்கெட் ஏன் ஏறவில்லை என்பதற்கு விடை இந்த 24-தான். கிரிக்கெட்டில் மிச்சமுள்ள பந்து, விழுந்த விக்கெட், கண் பழகிய பேட்ஸ்மேனா புதியவரா, பந்தின் வயது, ஆடுகளம் எல்லாம் சேர்ந்து நிலைகளின் எண்ணிக்கை எங்கோ போய்விடும்.

இனி அட்டவணை. இது உதாரணத்துக்காக நாங்களே போட்ட கணக்கு, யாருடைய பதிவும் இல்லை. ஒரு பேட்டர் 1,000 முறை நின்றதில் 90 வாக், 160 சிங்கிள், 45 டபுள், 5 ட்ரிபிள், 30 ஹோம் ரன், 670 அவுட். கூட்டிப் பார்த்தால் 1,000 வர வேண்டும். வராவிட்டால் மேற்கொண்டு போகாதீர்கள். இதை எல்லைகளாக மாற்றுங்கள்: 000–089 வாக், 090–249 சிங்கிள், 250–294 டபுள், 295–299 ட்ரிபிள், 300–329 ஹோம் ரன், 330–999 அவுட். 90 எண்ணுக்கு இடம் வேண்டுமென்றால் 000-இல் தொடங்கி 089-இல் முடியும், 090-இல் இல்லை. மாணவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஒவ்வொரு எல்லையிலும் ஒன்று கூடினால் வீரரின் குணமே மாறிவிடும். 5 எண் மட்டுமே உள்ள ட்ரிபிளுக்கு 6 கிடைத்தால் அது 20 விழுக்காடு உயர்வு.

இதை ஆடிப் பார்க்கக் கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரு 40 பக்க நோட்டு, 0 முதல் 9 வரை எழுதிய பத்துத் துண்டுச் சீட்டு, ஒரு காலி டப்பா, நாலு புளியங்கொட்டை. நோட்டில் நான்கு மூலை வரைந்து கொள்ளுங்கள், புளியங்கொட்டைதான் ஓட்டக்காரர். ஒரு பேட்டருக்கு மூன்று முறை சீட்டு எடுத்து, மூன்றையும் சேர்த்து ஒரு மூவிலக்க எண்ணாகப் படித்து, அது எந்த எல்லைக்குள் விழுகிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். திரும்பப் போடாமல் எடுத்தால் 055, 288 மாதிரி இலக்கம் திரும்பி வரும் எண்களே வராது. 1,000 எண்ணில் 280 எண் செத்துவிடும்.

ஓட்டத்துக்கு எளிய விதி: சிங்கிள் என்றால் முதல் மூலையில் இருப்பவர் இரண்டாவதுக்கு, மற்றவர் எல்லாம் ரன். டபுள் என்றால் எல்லோரும் இரண்டு மூலை. அவுட் என்றால் யாரும் அசைவதில்லை. வாக் என்றால், பின்னால் வருகிறவருக்கு இடம் விட வேண்டியவர் மட்டும் நகர்வார்.

ஒரு இன்னிங்ஸ் பார்ப்போம். ஒன்பது பேருக்கும் இதே அட்டவணை. முதல் சீட்டு 417, அவுட். 163, சிங்கிள், முதல் மூலையில் ஒரு கொட்டை. 052, வாக், அந்தக் கொட்டை இரண்டாவதுக்கு, புதியது முதல் மூலைக்கு. 288, டபுள், இரண்டாவதில் இருந்தவர் வீடு வந்து சேர்ந்தார், ஒரு ரன். முதல் மூலைக்காரர் மூன்றாவதில், அடித்தவர் இரண்டாவதில். 905 அவுட். 611 அவுட். மூன்று அவுட் ஆயிற்று. மூலையில் நின்ற இருவரும் வீண். ஆறு பேர் ஆடிவிட்டார்கள்.

அடுத்த இன்னிங்ஸை யார் தொடங்குவது? ஏழாவது ஆள். இதை மறந்து ஒவ்வொரு இன்னிங்ஸையும் முதல் ஆளிலிருந்தே தொடங்குகிற நிரல் நிறைய. அப்படிச் செய்தால் அணியின் முதல் நாலு பேர் மட்டுமே ஆடிக்கொண்டிருப்பார்கள், ரன் எகிறும். மூலையில் நின்ற கொட்டைகளை எடுக்காமல் விடுவது அடுத்த தப்பு. மூன்றாவது, ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதி: சொந்த மைதான அணி முன்னிலையில் இருந்தால் அது ஆடவே ஆடாது, ஆடும்போது முன்னிலை வந்தால் அந்த நொடியே ஆட்டம் முடிந்தது. சமனில் முடிந்தால் கூடுதல் இன்னிங்ஸ்.

நிரல் சரியா என்று சோதிக்க ஒரு வழி. நம் அட்டவணையில் அவுட் விகிதம் 0.67. மூன்று அவுட்டுக்கு 3-ஐ 0.67-ஆல் வகுத்தால் 4.48 பேட்டர். ஒன்பது இன்னிங்ஸுக்கு சுமார் 40. உங்கள் நிரல் 1,000 ஆட்டம் ஓடி சராசரியாக 40-க்கு அருகில் தரவில்லை என்றால் எங்கோ பிழை இருக்கிறது. நிஜ லீக் ஆட்டத்தில் ஒரு அணிக்கு 38 அளவில்தான் வரும். ஏனென்றால் ஒரே அடியில் இருவர் அவுட் ஆவது, அடி விழாமலே அடுத்த மூலைக்கு ஓடப் போய் மாட்டுவது, முன்னிலையில் உள்ள சொந்த மைதான அணி கடைசியில் ஆடாமல் விடுவது எல்லாம் நிஜத்தில் உண்டு, ஒன்பது இன்னிங்ஸும் முழுசாக ஆடுவதாக வைத்த நம் 40 கணக்கில் இல்லை. இந்த இடைவெளி பிழையில்லை. விட்டுப்போன விதிகளின் அளவு.

சீட்டுக் குலுக்குவதை எந்திரம் எப்படிச் செய்யும் என்பதுதான் மிச்சம். இங்கேதான் எங்களுக்குப் பிடித்த விஷயம் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணிதவியலாளர் ஜான் வான் நாய்மன் சொன்ன நடு-வர்க்க முறை பழைய நிரல்களில் அடிபடும். நாலிலக்க எண்ணை வர்க்கம் செய்து, எட்டிலக்கமாக்கி, நடு நாலை எடு. அதுதான் அடுத்த எண். 1234-இன் வர்க்கம் 01522756, நடுவில் 5227. அதன் வர்க்கம் 27321529, நடுவில் 3215. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 6100-இல் ஏறிவிட்டால் 2100, 4100, 8100, மறுபடி 6100 என்று செக்குமாடு. 3792 இன்னும் மோசம்: வர்க்கம் 14379264, நடுவில் அதே 3792. அதற்குப் பிறகு நம் அட்டவணையில் எல்லாப் பேட்டரும் அவுட். அல்லது எல்லையை எப்படி வைத்தோம் என்பதைப் பொறுத்து எல்லோரும் ஹோம் ரன், ஆட்டம் முடியவே முடியாது.

பெருக்கல் முறை இதைவிட மேல்: முந்தைய எண்ணை ஒரு நிலையான எண்ணால் பெருக்கி, கடைசி பத்து இலக்கத்தை மட்டும் வைத்துக்கொள்வது. பத்தடிமான எந்திரத்துக்குச் சுலபம், மேலே உள்ள இலக்கங்களை வெட்டினால் போதும். ஆனால் அதிலும் ஒரு கண்ணி. பெருக்கும் எண் 3-இல் முடிந்து, தொடக்க எண் 1-இல் முடிந்தால், கடைசி இலக்கம் 1, 3, 9, 7, மறுபடி 1 என்று நான்கே எண்ணில் சுற்றும். எந்தப் பெருக்கெண்ணை எடுத்தாலும் கடைசி இலக்கத்தின் சுற்று நான்கைத் தாண்டாது. அதனால் எண்ணின் தலைப்பக்கத்து மூன்று இலக்கத்தை எடுக்க வேண்டும், வாலைத் தொடக்கூடாது.

இந்த வால் விவகாரத்தை நம் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் அறிவார்கள், அறிந்தது தெரியாமல். புக் கிரிக்கெட்! புத்தகத்தைத் திறந்து இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கம்தான் ரன். இடப்பக்கம் எப்போதும் இரட்டைப்படை. ஆக 0, 2, 4, 6, 8 மட்டுமே வரும். 0 அவுட், 8-க்கு ஒரு ரன் என்று பல பள்ளிகளில் வழக்கம். அப்படியென்றால் ஐந்து பந்துக்கு ஒரு விக்கெட். டி-20 ஆட்டத்தில் 18-20 பந்துக்கு ஒன்று. பத்து விக்கெட்டுக்கு சராசரி 50 பந்து, பந்துக்கு சராசரி 2.6 ரன், ஆக 130. பாடப்புத்தகம் நடுவில் அடிக்கடி திறந்து முதுகு ஒடிந்திருந்தால் அந்தப் பக்கமே திரும்பத் திரும்ப வரும்; அது 3792-இல் மாட்டிய கதைதான். தாயக்கட்டையிலும் இதே நுணுக்கம் உண்டு. இரண்டு கட்டையின் புள்ளிகளைக் கூட்டினால் 3 வருவதற்கு 16-இல் 4 வழி, 6 வருவதற்கு ஒரே வழி. ஒரு கட்டையில் நூல் சுற்றி அடையாளம் வைத்து, முதல் கட்டை, இரண்டாம் கட்டை என்று தனித்தனியாகப் படித்தால் 16 முடிவுக்கும் சம வாய்ப்பு கிடைக்கும்.

அமெரிக்காவில் 1951-இல் வந்த ஏபிபிஏ என்ற மேசை விளையாட்டு இதைத்தான் செய்தது. ரிச்சர்ட் சைட்ஸ் உருவாக்கியது. அளவும் நிறமும் வேறான இரண்டு பகடையைக் கூட்டாமல், 11 முதல் 66 வரை ஈரிலக்கமாகப் படித்து, 36 முடிவுக்கும் வீரரின் அட்டையில் பார்ப்பது. அதற்கும் முன்பு, 1941-இல், ஈத்தன் ஆலன் என்ற பேஸ்பால் வீரர் ஒவ்வொருவருக்கும் ஒரு வட்ட அட்டை செய்து, ஹோம் ரன் அதிகம் அடிப்பவருக்கு அந்தத் துண்டை அகலமாக்கி, நடுவில் ஒரு முள்ளைச் சுழலவிட்டார். 1961-இல் ஹால் ரிச்மன் கொண்டுவந்த ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கில் பந்து போடுபவருக்கும் பங்கு வந்தது: ஒரு பகடை 1, 2, 3 காட்டினால் பேட்டரின் அட்டை, 4, 5, 6 என்றால் பிட்சரின் அட்டை. கம்ப்யூட்டர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அட்டையும் பகடையும் ஏற்கெனவே மேசையில் இருந்தன. எந்திரம் அவற்றை வேகப்படுத்தியது. 1971-இல் கலிஃபோர்னியாவின் பொமோனா கல்லூரியில் மாணவராக இருந்த டான் டாக்லோ, பிடிபி-10 எந்திரத்தில் எழுதிய பேஸ்பாலும் இந்தக் குடும்பம்தான்.

வேகத்தால் என்ன லாபம் என்று கேட்கலாம். ஒரு ஆட்டத்தின் விடைக்கு மதிப்பே இல்லை. ஆயிரமாயிரம் ஆட்டத்தின் சராசரிக்குத்தான் மதிப்பு. மேலே சொன்ன புக் கிரிக்கெட்டில் ஒரு அணியின் ஸ்கோர் 130 சராசரி, ஆனால் திட்டவிலக்கம், அதாவது சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, 47-க்கு மேல். ஒரே திறமையுள்ள இரண்டு அணி ஒரு ஆட்டத்தில் 180-க்கும் 90-க்கும் முடிவது சாதாரணம். பேஸ்பாலில் ஒரு அணியின் ரன் திட்டவிலக்கம் சுமார் 3. பேட்டிங் வரிசையை மாற்றினால் ஆட்டத்துக்கு 0.1 ரன் கூடுகிறதா என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமானால், ஒவ்வொரு வரிசைக்கும் 20,000 ஆட்டமாவது ஓட வேண்டும். 1974-இல் ஆலன் ஃப்ரீஸ் 2,00,000 ஆட்டம் ஓட்டித்தான், வரிசை மாற்றத்தால் வரும் லாபம் மிகச் சொற்பம் என்றார்.

இன்னொரு நல்ல உதாரணம் கனடாக்காரர் ஜார்ஜ் லிண்ட்சே. தன் தந்தை கையால் எழுதிச் சேர்த்த ஆட்டப் பதிவுகளை வைத்து, அந்த 24 நிலையிலும் அந்த இன்னிங்ஸில் இனி எத்தனை ரன் வரும் என்று 1963-இல் அட்டவணை வெளியிட்டார். யாரும் அவுட் ஆகாமல் முதல் மூலையில் ஒருவர் இருந்தால் 0.813 ரன். ஒரு அவுட்டைத் தியாகம் செய்து அவரை இரண்டாவது மூலைக்கு நகர்த்தினால் 0.671. அதாவது பயிற்சியாளர்கள் புத்திசாலித்தனம் என்று நினைத்துச் செய்த தியாக அடி, பெரும்பாலும் நஷ்டம். ஒரே ஒரு ரன் போதும் என்ற கடைசிக் கட்டத்தில் மட்டும் அதற்கு வேறு நியாயம் உண்டு. நல்ல அட்டவணை இப்படித்தான் பேசும்: எந்த அணி ஜெயிக்கும் என்று சொல்லாது, எந்த முடிவுக்கு எவ்வளவு விலை என்று சொல்லும்.

ஆசிரியரே, உங்களிடம் வருவது இந்த இடத்தில்தான். பர்ஜெசனுக்கும் மேசை விளையாட்டுக்காரர்களுக்கும் வீரர்களின் எண்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. காரணம், அமெரிக்கச் செய்தித்தாள்கள் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஒவ்வொரு ஆட்டத்தின் ஸ்கோர் கட்டத்தையும் அச்சிட்டு வந்தன. யார் எத்தனை முறை ஆடினார், எத்தனை அடித்தார் என்று வீரர் வாரியாக வரிசை. கம்ப்யூட்டருக்குத் தீனி போட்டது செய்தித்தாள்தான்.

நம் பக்கம் பாருங்கள். புதுச்சேரி அணி 2018-19 பருவத்திலிருந்து ரஞ்சிக் கோப்பையில் ஆடுகிறது. அதன் ஒவ்வொரு பந்தும் பதிவாகிறது, இணையத்தில் கிடைக்கிறது. கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் நடக்கும் ஆட்டத்துக்குத் தங்கள் பக்கத்தில் வருவது, "இந்த அணி 5 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது" என்று ஒரு வரி, கோப்பை வழங்கிய பிரமுகரின் பெயர் நாலு வரி. இதை வைத்து எந்த மாணவரும் எந்த நிரலும் எழுத முடியாது. எழுத முடியாததால் எங்கிருந்தோ ஐபிஎல் தரவை இறக்கி, யாரோ எழுதிய நிரலை ஓட்டி, புராஜெக்ட் என்று கொடுக்கிறார்கள்.

முழு ஸ்கோர் கட்டம் போட்டால்கூட எல்லாம் தீர்ந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஒருவர் 28 பந்தில் 34 ரன், 4 பவுண்டரி, 1 சிக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். பவுண்டரியில் 16, சிக்ஸில் 6, மிச்சம் 12 ரன், மிச்சம் 23 பந்து. எல்லாம் ஒற்றை ஓட்டமாக எடுத்திருந்தால் 12 ஒற்றை, 11 வெறும் பந்து. மூன்று இரட்டை ஓட்டம் இருந்திருந்தால் 6 ஒற்றை, 14 வெறும் பந்து. இரண்டும் வேறு ஆட்டக்காரர்கள். ஆனால் ஸ்கோரரின் புத்தகத்தில் ஒவ்வொரு பந்துக்கும் புள்ளியோ எண்ணோ இருக்கிறது, அதிலிருந்து எண்ணிவிடலாம்.

எண்ணி வந்தாலும் அவசரம் ஆகாது. ஒரு உள்ளூர் வீரர் பருவம் முழுக்க 60 பந்து ஆடி 3 முறை அவுட் ஆனால், 20 பந்துக்கு ஒரு விக்கெட் என்று அட்டவணையில் எழுதத் தோன்றும். 60 பந்து மிகக் குறைவு. அவருடைய உண்மையான விகிதம் 13 பந்துக்கு ஒன்று முதல் 45 பந்துக்கு ஒன்று வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம், அதைத் தாண்டியும் போகலாம். இதற்குக் கைவைத்தியம் உண்டு. எல்லா வீரருடைய சராசரி 15 பந்துக்கு ஒன்று என்றால், இவர் கணக்கில் அந்தச் சராசரி ஆட்டத்தில் 120 பந்தைக் கலந்துவிடுங்கள்: 60-உடன் 120, 180 பந்து, 3-உடன் 8, 11 அவுட். 16 பந்துக்குக் கொஞ்சம் மேலே ஒன்று. அவர் அதிகம் ஆட ஆட, கலப்படத்தின் பங்கு தானே குறையும். 120 என்பது வேதவாக்கு இல்லை. 60-ஓ 200-ஓ வைத்து ஓட்டி, அடுத்த பருவத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்ள வேண்டியதுதான்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். ஒன்று, இனி "கம்ப்யூட்டர் கணித்தது" என்று செய்தி போடும்போது மூன்று விவரம் சேருங்கள்: எத்தனை முறை ஓட்டினார்கள், வீரர் எண்கள் எந்தப் பருவத்திலிருந்து எடுத்தவை, வென்ற அணி நூற்றுக்கு எத்தனை முறை வென்றது. 10,000 ஓட்டத்தில் ஒரு அணி 5,400 வென்றால் அதை அப்படியே எழுதுங்கள்; "வெல்லும்" என்று எழுதாதீர்கள்.

இரண்டு, வாரம் ஒரு நாள், கடலூர், புதுச்சேரி ஆட்டங்களில் ஒன்றுக்காவது முழுக் கட்டம் போடுங்கள். வீரர் பெயர், ஆடிய பந்து, வெறும் பந்து, ஒற்றை, இரட்டை, மூன்று, நாலு, ஆறு, அவுட்டா இல்லையா. அணிக்கு 11 வரி, இரண்டு அணிக்கு 22, தலைப்போடு 25 வரிக்குள் முடியும். ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் புத்தகத்தின் இரண்டு பக்கத்தையும் நிருபர் போனில் படம் எடுத்து அனுப்பினால் போதும். எண்ணித் தருவதற்குக் கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். படம் எடுக்கும்போது புத்தகத்தைத் தட்டையாக விரிக்கச் சொல்லுங்கள். நடு மடிப்பில்தான் கடைசி ஓவர்கள் ஒளிந்துகொள்ளும்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் ஆசிரியர்கள் இருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.